பைன் காட்டுப் பட்டாசுக்காய்

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி, மழை ஓய்ந்த நாட்களில், ஊதாப் பூவோடு முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி மண்டிக் கிடக்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. எங்களுக்குப் பூவில் அக்கறை கிடையாது, காயில்தான் கண். காய்ந்து பழுப்பேறிய காயை எச்சில் தொட்டு, முன்பெஞ்சுக்காரன் சட்டைக் காலருக்குள் போட்டுவிட்டுக் காத்திருப்போம். கொஞ்ச நேரத்தில் ‘டப்’. அவன் துள்ளுவான், வாத்தியார் திரும்புவார், நாங்கள் கணக்குப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். பட்டாசுக்காய், வெடிக்காய், டப்பாசுக்காய் என்று ஊருக்கு ஒரு பெயர். தாவரவியலில் அது ரூவெல்லியா டியூபரோசா. சுவரோரத்தில் அவ்வளவு உரிமையாக வளர்வதைப் பார்த்து நம்மூர்ச் செடி என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா என்று தெரிந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் உண்மையில் வேற்றூர்க்காரர் என்று தெரியவந்ததுபோல் இருந்தது.

இந்த அத்தியாயம் அந்தச் செடியின் உடன்பிறப்பைப் பற்றியது. பெயர் ரூவெல்லியா கரோலினியென்சிஸ். அமெரிக்காவின் தென்கிழக்கில், குறிப்பாக ஃப்ளோரிடாவின் பைன் காடுகளில், யாரும் கூப்பிடாமலே பூக்கும் இளம் ஊதா நிறப் பூ. பட்டாசுக்காய் நமக்கு விருந்தாளி என்றால், இது அந்த மண்ணின் வீட்டுப்பிள்ளை. கொஞ்ச காலமாக ஃப்ளோரிடா மக்கள் இதைக் காட்டிலிருந்து தங்கள் தோட்டத்துக்கு அழைத்து வருகிறார்கள். அழைத்து வருவது சுலபம். வந்தபின் சும்மா இருப்பதுதான் கடினம்.

முதலில் பெயரைச் சரிசெய்துவிடலாம். அங்கே இதைக் ‘காட்டுப் பெட்டூனியா’ என்கிறார்கள். அது பூவின் புனல் வடிவத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் வைத்த பெயர். பெட்டூனியா கத்தரிக்காய், தக்காளியின் குடும்பம். ரூவெல்லியாவின் குடும்பம் அகாந்தேசி. அந்தக் குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது தெரியுமா? கனகாம்பரம், ஆடாதொடை, நிலவேம்பு, நீர்முள்ளி, டிசம்பர் பூ, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி. நமக்கு ஒன்றுகூட அந்நியமில்லை. முற்றிய கனகாம்பரக் காயில் தண்ணீர் பட்டால் வெடிப்பதைப் பூத்தோட்டக்காரர்கள் பார்த்திருப்பார்கள். வெடிப்பது இந்தக் குடும்பத்தின் பரம்பரைக் குணம். ரூவெல்லியா என்பது பிரெஞ்சு மருத்துவரும் தாவரவியலாளருமான ழான் ருவெல் (1474–1537) நினைவாக வந்த பெயர்.

இனி காடு. பைன் என்றதும் கொடைக்கானல் நினைவு வரும்: வரிசையாக நட்ட மரங்கள், இருட்டு, சருகைத் தவிர எதுவுமில்லாத தரை. ஃப்ளோரிடாவின் பைன் நிலம் அதற்கு நேர்மாறு. மரங்கள் எட்ட எட்ட நிற்கும். இடையில் வெயில் தரைவரை இறங்கும். கீழே கம்பிபோல் மெலிந்த புல், இடுப்பளவு குட்டைப் பனை, புல்லுக்குள் ஒளிந்து நூற்றுக்கணக்கான வகைப் பூச்செடிகள். மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவன் காட்டைப் பார்க்கவில்லை. இந்தக் காட்டின் செல்வமெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். நீள ஊசிப் பைன் காடுகள் ஒரு காலத்தில் அமெரிக்கத் தெற்கில் சுமார் 9 கோடி ஏக்கர் பரந்திருந்தன. வெட்டு, விவசாயம், வேறு பைன் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அதைச் சுமார் 30 லட்சம் ஏக்கருக்குக் குறுக்கிவிட்டன.

அந்த வெயிலைத் தரைவரை கொண்டுவருவது தீ. கோடை தொடங்கும்போது, வறண்ட மாதங்களின் சருகு தரையில் கிடக்க, முதல் இடிமழை வருவதற்குள் மின்னல் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ தரையோடு தவழ்ந்து போகும். மரத்தின் தடித்த பட்டை கருகும், மரம் சாகாது. நீள ஊசிப் பைனின் கன்று முதல் சில ஆண்டுகள் மரமாகவே தெரியாது. ஒரு புல் குத்துபோலத் தரையோடு உட்கார்ந்து, ஊசியிலைகளால் மொட்டைப் பொத்திக்கொண்டு, தீ கடந்துபோகக் காத்திருக்கும். கம்பிப் புல்லோ கோடையில் ஒரு முறை வெந்தால்தான் நிறைவாகப் பூக்கும். காட்டுப் பூச்செடிகள் தங்கள் சேமிப்பை வேரில் வைத்திருக்கின்றன. மேலே இருப்பது எரிந்தால், சில வாரத்தில் கீழிருந்து துளிர் வரும். புதர்களின் நிழலைத் தீ அகற்றியிருக்கும், சாம்பல் கொஞ்சம் சத்து கொடுத்திருக்கும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அங்கிருந்த பழங்குடிகள் இந்தக் காட்டுக்குத் தீ வைத்துப் பழகியவர்கள். பின்னால் வந்த கால்நடைக்காரர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். படித்தவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. 1920களின் இறுதியில் அமெரிக்க வனவியல் சங்கம், சினிமாக் கருவி பொருத்திய வண்டிகளில் ஆட்களை ஃப்ளோரிடா, ஜார்ஜியா கிராமங்களுக்கு அனுப்பி, காட்டைக் கொளுத்துவது பாவம் என்று பிரசாரம் செய்தது. 1944-இல் தொப்பி போட்ட கரடி ஒன்று சுவரொட்டிகளில் தோன்றி அதையே நாடு முழுக்கச் சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தீ நின்ற இடங்களில் புதர் மேலேறியது, ஊசிச்சருகு மெத்தையாகச் சேர்ந்தது, பூக்கள் நிழலில் மூச்சுத் திணறின. சேர்ந்த சருகில் பின்னர் விழுந்த தீ மரத்தின் உச்சிவரை போனது. காடைகளை ஆராய வந்த ஹெர்பர்ட் ஸ்டாடர்டு, தீ இல்லாமல் காடையும் இல்லை என்று 1931-இல் புத்தகமாகவே எழுதினார். 1958-இல் தல்லஹாசி அருகே ‘டால் டிம்பர்ஸ்’ ஆய்வு நிலையம் உருவானது. 1990-இல் ஃப்ளோரிடா, முறையாகத் திட்டமிட்டுத் தீ வைப்பவருக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை இயற்றியது. இன்று அந்த மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் ஏக்கரில், காற்றும் ஈரமும் பார்த்து, அனுமதி வாங்கி, எண்ணெய் சொட்டும் பந்தத்தோடு ஆட்கள் நடந்து தீ வைக்கிறார்கள். தாத்தாக்கள் சும்மா செய்ததைப் பேரன்கள் படிவம் நிரப்பிச் செய்கிறார்கள்.

எல்லாப் பைன் காட்டுப் பூக்களும் தோட்டத்துக்கு வராது. அமெரிக்கச் சாஃப்சீடு என்றொரு செடி இருக்கிறது. பக்கத்துச் செடிகளின் வேரில் வேரைச் செருகிப் பாதி உணவு உறிஞ்சும். தீ வந்துபோனால்தான் நிறைவாகப் பூக்கும். 1992 முதல் அது அழியும் நிலையிலுள்ள செடிகளின் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவது புலியை மாடியில் கட்டுவதுபோல. ரூவெல்லியா அப்படியல்ல. பைன் காட்டிலும் வளரும், ஓக் மர நிழல் விளிம்பிலும் வளரும், மணலிலும் களிமண்ணிலும் ஒப்பேற்றிக்கொள்ளும். அதனால்தான் புதிதாக இதில் இறங்குபவருக்கு முதல் செடியாக இதைக் கொடுக்கிறார்கள். எனக்கு இந்தச் செடி பிடிப்பதற்கு வேறு காரணம் உண்டு: இது வளர்ப்பவரின் கையை அடக்கக் கற்றுக்கொடுக்கிறது.

மண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஃப்ளோரிடாவின் பைன் சமவெளிகளில் கிடப்பது ‘மயாக்கா’ என்னும் நுண்மணல். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மண்ணே இதுதான். மேலே சாம்பல் நிற மணல், கொஞ்சம் கீழே காப்பி நிறத்தில் ஒரு கெட்டிப் படிவம். மழைக்காலத்தில் தண்ணீர் அதன்மேல் தேங்கும், குளிர்காலத்தில் மேல்மணல் சுண்டிப்போகும். அமிலத்தன்மையுள்ள, சத்தில்லாத மண். இதைப் பார்த்தவுடன் வண்டிக்கணக்கில் எருவையும் உர உப்பையும் கொட்டத் தோன்றும். கொட்டினால் என்ன ஆகும்? ரூவெல்லியா இலையாகத் தழைத்துச் சரியும். அதைவிட, இந்த ஏழை மண்ணில் தலைதூக்க முடியாமல் கிடந்த களைகளெல்லாம் விருந்துக்கு வந்துவிடும். வறுமை இங்கே காவலாளி. நட்ட முதல் சில வாரம் வேர் பிடிக்கத் தண்ணீர் விட்டால் போதும், பிறகு மழை பார்த்துக்கொள்ளும். தரைக்கு மூடாக்காக அங்கேயே உதிரும் பைன் ஊசிகளைப் பரப்பலாம். அதையும் கனமாகப் போட்டால், இந்தச் செடி தானாக விதைத்துக்கொள்ள வெறும் மண் கிடைக்காது.

பூ விடிகாலையில் விரியும், பிற்பகலில் உதிரும். ஒரு பகல்தான் ஆயுள். பூச்சாடிக்கு உதவாது, மாலை வேலைவிட்டு வருகிறவர் கண்ணிலும் படாது. ஆனால் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம்வரை அடுத்தடுத்த நாள் அடுத்தடுத்த பூ. தேனீக்கள் வந்தால் மகரந்தம் மாறும். வராவிட்டாலும் கவலையில்லை. இச்செடியில் இரண்டு வகைப் பூக்கள் உண்டு என்பதை ராபர்ட் லாங் 1971-இல் விரிவாக எழுதினார். ஒன்று விரியும் பூ. மற்றது விரியவே விரியாத, மொட்டுபோலவே மூடிக்கொண்டு உள்ளேயே தன் மகரந்தத்தால் சூல்கொண்டு காய்க்கும் பூ. ‘இந்தச் செடி பூக்கவே இல்லை, எப்படிக் காய்த்தது?’ என்று தோட்டக்காரர் திகைப்பது இதனால்தான். நம்மூர்ப் பட்டாசுக்காயும் இதே வித்தை தெரிந்ததுதான்.

இதே பேரினத்தில் இரவில் பூக்கும் ஒன்றும் இருக்கிறது, ரூவெல்லியா நோக்டிஃப்ளோரா. ஈரமான பைன் சமவெளிகளில் அந்தி சாயும்போது நீண்ட குழலோடு வெள்ளையாக விரிந்து, அந்துப்பூச்சிக்காகக் காத்திருந்து, காலையில் விழுந்துவிடும். அபூர்வம். ஃப்ளோரிடாவில் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அதைத் தோட்டத்துக்கு இழுக்காமல் காட்டிலேயே போய்ப் பார்ப்பதுதான் அழகு.

இப்போது காய்க்கு வருவோம். விதை சேகரிக்க நினைப்பவர் முதல் பருவத்தில் கட்டாயம் ஏமாறுவார். காய் பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முளைக்காது. நன்றாகப் பழுப்பாகட்டும் என்று நாளைக்குத் தள்ளிப்போட்டால், நாளைக்கு இரண்டாகப் பிளந்த கூடுதான் இருக்கும். ஆகவே காய் நிறம் மாறும்போதே வலைத்துணியிலோ காகிதத்திலோ சிறு பை செய்து கட்டிவிடுகிறார்கள்.

அந்த வெடிப்பை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் இதே பேரினத்தைச் சேர்ந்த ரூவெல்லியா சிலியாடிஃப்ளோராவின் காய்களை அதிவேகக் கேமரா முன் வெடிக்கவைத்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விதை ஒரு சிறு தட்டு: குறுக்கே 2.5 மில்லிமீட்டர், தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்க்குள் ஒவ்வொரு விதையின் அடியிலும் கொக்கிபோல் ஒரு உறுப்பு. காயின் இரண்டு ஓடுகளும் உலர உலர வெளிப்பக்கம் வளையப் பார்க்கும், ஒட்டு விடாது. விறைப்பு ஏறிக்கொண்டே போகும். ஒட்டு விட்ட கணத்தில் ஓடுகள் விலக, கொக்கிகள் விதைகளை வீசுகின்றன. வேகம் வினாடிக்கு 15 மீட்டருக்கும் மேல், தூரம் 7 மீட்டர்வரை. வியப்பு அதுவல்ல. பறக்கும் விதை பின்னோக்கிச் சுழல்கிறது, வினாடிக்கு 1,660 சுற்றுவரை. உங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுப் போடும். இந்த விதை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம்.

எதற்கு இத்தனை சுழற்சி? தட்டையான பொருளை எறிந்தால் அது கண்டபடி புரண்டு, அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, சீக்கிரம் விழுந்துவிடும். வேகமாகச் சுழல்கிற பம்பரம் சாயாததுபோல, சுழலும் விதை தன் நிலையிலிருந்து புரளாது. மெல்லிய விளிம்பே காற்றைக் கிழித்துப் போகும். அதே கனமுள்ள உருண்டை விதையைவிடக் காற்றின் தடை 40 சதவீதம் குறைவு. அதே தூரம் எறிய ஆகும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடுகிறது. காலருக்குள் காய் போட்ட நாட்களில் இது தெரிந்திருந்தால் வாத்தியாரிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் இயற்பியல் வாத்தியார் இல்லை என்பது வேறு விஷயம்.

விழுந்த விதைக்கு இன்னொரு ஏற்பாடு. விதையின்மேல் படிந்துள்ள நுண்மயிர்கள் ஈரம் பட்டதும் விரிந்து வழுவழுப்பான கூழாகும், சப்ஜா விதைபோல. மணலில் ஒட்டிக்கொள்ள அது போதும். ஆகவே விதைப்பவர் ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. மேலாகத் தூவி, மண்ணோடு அழுத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் முளைக்கும். தண்டு வெட்டி வைத்தாலும் வேர்விடும். வரிசைகட்டி நடுவதில் பொருளில்லை. அடுத்த ஆண்டு செடி தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், நீங்கள் போட்ட வரிசை வேலிக்கு வெளியே வளைந்திருக்கும். கம்பிப் புல்லுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதே அதன் இயல்பு.

வீட்டுக் கொல்லையில் தீ வைக்க முடியாது என்பதால் அதற்கொரு மாற்று: குளிர்காலக் கடைசியில் காய்ந்த தண்டுகளை ஒட்ட வெட்டி, வெட்டியதை அங்கேயே போடாமல் அள்ளிவிடுவது. தீ செய்யும் வேலையில் பாதியை இது செய்யும். சாம்பலும் புகையும் வெட்டரிவாளால் ஆகாது.

இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் பக்ஐ என்ற வண்ணத்துப்பூச்சியும், ‘வெள்ளை மயில்’ எனப்படும் வண்ணத்துப்பூச்சியும் இச்செடியின் இலையில் முட்டையிடுகின்றன. பக்ஐயின் சிறகில் மயில்தோகைக் கண்போல் வட்டங்கள் இருக்கும். அது ஜூனோனியா பேரினம். நம் வயல்வரப்பில் அதேபோல் கண் வைத்த சிறகுகளோடு பறக்கும் வசீகரன்கள் அதே பேரினம்தான். அவற்றின் புழுக்களில் பலவும் இதே அகாந்தேசிக் குடும்பத்து இலைகளைத்தான் தின்கின்றன. இரண்டு கண்டம், ஒரே பந்தி.

நர்சரிக்குப் போகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ‘காட்டுப் பெட்டூனியா’ என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் மெக்சிகன் பெட்டூனியா, அதாவது ரூவெல்லியா சிம்ப்ளெக்ஸ். நீண்டு ஒடுங்கிய இலை, கருஞ்சிவப்பு ஓடிய தண்டு, மூன்று அடிக்கு நிமிர்ந்த உயரம். சென்னை அடுக்குமாடி வாசல்களிலும் சாலைத் தடுப்புகளிலும் அடர்த்தியாக நட்டிருக்கும் ஊதாப்பூச் செடி இதுவே. ஃப்ளோரிடாவில் இது தோட்டத்திலிருந்து தப்பி ஓடை, குளக்கரை, ஈரக்காடு எல்லாம் ஏறியது. விதையாலும் பரவும், மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டாலும் பரவும். உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளும் ஆக்கிரமிப்புச் செடிகளின் முதல் வகைப் பட்டியலில் அது இருக்கிறது. அசல் செடியின் இலை முட்டை வடிவம், குட்டை, மயிர் படர்ந்தது. பூக்கள் நீண்ட காம்பில் நில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். இதைப் பார்க்கத் தெரிந்தால் பெயர்ச்சீட்டை நம்ப வேண்டியதில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் விதை பிடிக்காத மெக்சிகன் வகைகளை ‘மாயன்’ என்ற பெயரில் உருவாக்கியது. திறமையான வேலை. ஆனாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை ஆற்றோரத்தில் நட எனக்கு மனம் வராது.

அசல் செடியிலும் ஊர் பார்க்க வேண்டும். ரூவெல்லியா கரோலினியென்சிஸ் வடக்கே நியூ ஜெர்சியிலிருந்து தெற்கே ஃப்ளோரிடா, மேற்கே டெக்சாஸ்வரை பரவியது. உறைபனிக்குப் பழகிய வடக்கத்தி விதையின் பிள்ளை, பனியே காணாத தெற்கில் எப்போது பூப்பது என்று தெரியாமல் தடுமாறலாம். நெல்லில் நம் விவசாயிகள் சொல்வதேதான்: ரகம் ஒன்றானாலும் விதை எந்தச் சீமை என்று கேள். கேட்கப் பொறுமையில்லாமல் காட்டிலிருந்து பிடுங்கிவருவது திருட்டு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தோட்டத்தில் வளர்ப்பதால் காட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு மயாமி பதில் சொல்லும். அங்கே பைன் மரங்கள் சுண்ணாம்புப் பாறையின் இடுக்கில் வேர்விட்டு நிற்கின்றன. தடித்த இலைகொண்ட ரூவெல்லியா சக்குலெண்டா அந்தப் பாறைக்காட்டுப் பூ. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வெளியே அந்தக் காட்டில் 2 சதவீதம்கூட மிஞ்சவில்லை; மீதியெல்லாம் வீடும் கடையும். ஃபேர்சைல்டு தாவரவியல் பூங்கா, 2007-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பாறைக்காட்டுச் செடிகளைக் கொடுக்கிறது. துண்டு துண்டான காடுகளுக்கு இடையே தேனீ இறங்கிப் போக ஒரு திண்ணை. நடக்காத காரியமில்லை. அடாலா என்ற நீலப்புள்ளி வண்ணத்துப்பூச்சி 1937-க்குப் பிறகு ஃப்ளோரிடாவில் அழிந்ததாகவே கருதப்பட்டது, 1959-இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. அதன் புழு தின்னும் கூண்டி என்ற ஈந்துபோன்ற செடியை மாவுக்காகத் தோண்டித் தீர்த்திருந்தார்கள். பிற்பாடு அதே கூண்டியை அழகுக்காக வீட்டு முன்னால் நடத் தொடங்கினார்கள். பூச்சி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

அக்கம்பக்கத்தாரைச் சமாளிப்பது வேறு கலை. மட்டமாக வெட்டிய பச்சைப் புல்வெளிக்கு நடுவே ஒரு வீட்டில் மட்டும் கம்பிப் புல்லும் சரிந்த ஊதாச் செடியும் என்றால், குடியிருப்போர் சங்கக் கடிதம் வராமல் இருக்குமா? தண்ணீரை மிச்சப்படுத்தும், ஃப்ளோரிடா சூழலுக்கு ஏற்ற தோட்டத்தைச் சங்கங்கள் தடைசெய்யக் கூடாது என்று 2009-இல் சட்டம் வந்தது. அனுபவசாலிகள் சட்டப் புத்தகத்தைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள். ஓரத்தில் ஒரு நடைபாதை, விளிம்பில் ஒழுங்காக ஒரு வரிசைக் கல். உள்ளே எது எப்படி வளர்ந்தாலும், வேண்டுமென்றே வளர்த்தது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

சட்டத்தின் எல்லை வேலியோடு சரி. பருவக் கடைசியில், பை கட்டாமல் விட்ட சில காய்கள் வெயிலேறிய நேரத்தில் ஒவ்வொன்றாக வெடிக்கும். அடுத்த வசந்தத்தில் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு கல்லின் இடுக்கில், முட்டை வடிவத்தில் இரண்டு இலை எட்டிப் பார்க்கும். அந்த வீட்டுக்காரர் குனிந்து பார்ப்பார். பிடுங்குவதா விடுவதா என்று அவர் யோசிக்க ஒரு பூ பூக்கும்வரை நேரம் இருக்கிறது.